அமெரிக்காவில் கிடைக்கிற வரி கிரெடிட்டை (கட்ட வேண்டிய வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை) வேண்டாம் என்று விட்ட அனுபவம் உண்டா?

நியூஜெர்சியிலிருந்து:

வரி ரிட்டர்ன் போடக் கடைசி நாளான ஏப்ரல் 15 நெருங்குகிறது. பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் வீடுகளில், கட்டிய ஃபீஸைக் காட்டிக் கல்லூரி அனுப்பும் 1098-டி படிவம் வந்து சேர்ந்திருக்கும். முதல் வருடமே கிரெடிட்டை எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதனால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

கல்லூரிச் செலவுக்குக் கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டில் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 டாலர் கிடைக்கும். செலவில் முதல் 2,000 டாலர் முழுதாக வரும், அடுத்த 2,000-இல் கால் பங்கு வரும். ஆனால் ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள்தான். நான்கு வருடப் படிப்போ ஐந்து காலண்டர் வருடங்களைத் தொடும். என் மகள் 2021 ஃபால் செமஸ்டரில் சேர்ந்து 2025 மே மாதம் பட்டம் வாங்கினாள். ஆக ஐந்து ரிட்டர்ன். ஏதாவது ஒன்றில் விட்டுத்தான் ஆக வேண்டும்.

2021-க்கு வந்த 1098-டியில் முதல் பெட்டியில் ஃபீஸ் 6,900, ஐந்தாவது பெட்டியில் ஸ்காலர்ஷிப் 6,200. கைக்காசு 700 டாலர்தான். புத்தகத்துக்கு 250 ஆனது, இந்த கிரெடிட்டுக்கு அதையும் சேர்க்கலாம். மொத்தம் 950. வரி மென்பொருள் உடனே பச்சை எழுத்தில் ‘உங்களுக்கு 950 டாலர் கிடைக்கும்’ என்று காட்டியது. அது அந்த ஒரு வருடத்துக்கு எது அதிகம் என்று மட்டும்தான் பார்க்கும். அடுத்து வரும் வருடங்கள் அதற்குத் தெரியாது.

நாங்கள் அதை விட்டுவிட்டு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற இன்னொரு கல்வி கிரெடிட்டை எடுத்தோம். அது செலவில் 20 சதவீதம், இத்தனை வருடம்தான் என்ற கணக்கு அதில் கிடையாது. 700-க்கு 140 டாலர் வந்தது. ரிட்டர்ன் போட்ட அன்று மனைவிக்கு மனசே ஆறவில்லை, ‘கையில் வருவதை யாராவது விடுவார்களா’ என்றார். பேப்பரை எடுத்து இரண்டு வழியையும் எழுதிப் பார்த்தோம். நடுவில் உள்ள மூன்று வருடங்களில் எப்படியும் 4,000-க்கு மேல் செலவு, வருடத்துக்கு 2,500 நிச்சயம். வித்தியாசம் முதல் வருடத்திலும் கடைசி வருடத்திலும்தான்.

கடைசி செமஸ்டருக்கு, ஸ்காலர்ஷிப் போக, 4,800 கட்டினோம். 2021-இல் 950 வாங்கியிருந்தால் 2025-இல் நான்கு தடவை முடிந்திருக்கும், லைஃப்டைமில் 960 மட்டும் வந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 1,910. நாங்கள் செய்தபடி 140, அப்புறம் 2,500, ஆக 2,640. 730 டாலர் கூடுதல். 2,500-இல் 1,000 வரை, கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் திரும்ப வரும். லைஃப்டைமில் அந்த வசதி இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடைசி ஸ்பிரிங் செமஸ்டர் ஃபீஸை ஜனவரி பிறந்ததும் கட்டுங்கள். கல்லூரி பில் நவம்பரிலேயே வந்துவிடும், நம் ஆட்கள் கடன் நிற்கக்கூடாது என்று டிசம்பரிலேயே கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டினால் அது முந்தைய வருடக் கணக்கில் போய்விடும், ஐந்தாவது வருடத்தில் காட்டச் செலவே இருக்காது, விட்டது விட்டதுதான். வருமானம் ஏறிக்கொண்டே போகிற வீடாக இருந்தாலும் யோசியுங்கள். கணவன் மனைவி சேர்ந்து போடும் ரிட்டர்னில் 1,60,000 டாலரிலிருந்து கிரெடிட் குறையத் தொடங்கும், 1,80,000-இல் ஒன்றுமே இல்லை. இரண்டு வருடத்தில் அதைத் தாண்டுவீர்கள் என்றால், கிடைக்கிற 950-ஐ இப்போதே வாங்கிவிடுங்கள்.

டல்லாஸிலிருந்து:

அண்ணா சொன்ன 1,80,000-ஐ நாங்கள் முன்பே தாண்டிவிட்டோம். இரண்டு பேருக்கும் ஐடி வேலை. அதனால் நாங்கள் விட்டது வேறு கிரெடிட்.

பையனுக்குப் பத்தொன்பது வயது. அவனை டிபென்டன்டாக, அதாவது எங்களைச் சார்ந்திருப்பவனாக, காட்டினால் எங்களுக்கு 500 டாலர் கிரெடிட் கிடைக்கும். 2024 கோடையில் அவன் இன்டர்ன்ஷிப் போய் 22,000 சம்பாதித்தான். அந்த வருட ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் வரி இல்லாமல் கழிக்கும் தொகை) 14,600 போக 7,400-க்கு 740 டாலர் வரி. நாங்கள் அவனை எங்கள் ரிட்டர்னில் காட்டாமல் விட்டால், அவன் தன் ரிட்டர்னில் கல்வி கிரெடிட் எடுக்கலாம். 740-உம் பூஜ்யமானது. எங்கள் 500 போனாலும் குடும்பத்துக்கு 240 மிச்சம்.

அவன் ரிட்டர்னில் ‘வேறொருவர் என்னை டிபென்டன்டாகக் காட்ட முடியும்’ என்ற கட்டத்தை டிக் பண்ணத்தான் வேண்டும். ஏனென்றால் எங்களால் காட்ட முடியும், நாங்களாகத்தான் காட்டவில்லை. அவனுக்கு 24 வயது ஆகாததாலும், செலவில் பாதிக்கு மேல் நாங்களே பார்ப்பதாலும், திரும்பக் கிடைக்கும் அந்த 1,000 அவனுக்குக் கிடையாது. பையனுக்கு வரியே இல்லாத வருடத்தில் இப்படிச் செய்து பயனில்லை, 500-ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சியாட்டிலிலிருந்து:

நீங்கள் இருவரும் கணக்குப் பார்த்து விட்டிருக்கிறீர்கள், அது சரி. பயந்து விடுகிறவர்களைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு குடும்பம், அவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். குழந்தை இங்கேயே பிறந்தது, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருக்கிறது. 2023 ரிட்டர்னில் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2,000 டாலரை எடுக்கவே இல்லை. ‘அரசாங்கப் பணம் வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காது’ என்று யாரோ சொன்னார்களாம். டே-கேருக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போகிற வீடு அது. கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

கிரீன் கார்டு கேட்பவர் அரசுக்குச் சுமையாவாரா என்று பார்ப்பதுதான் பப்ளிக் சார்ஜ் விதி; 2022-இல் வெளியான அந்த விதி கணக்கில் எடுத்தது, ஏழைகளுக்கான எஸ்எஸ்ஐ, டேன்ஃப் போன்ற ரொக்க உதவிகளையும், அரசுச் செலவில் நீண்ட காலம் காப்பகத்தில் இருப்பதையும்தான். வரி கிரெடிட் அதில் சேரவில்லை. அவரை இமிக்ரேஷன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன், வக்கீலும் அதையே சொன்னார். 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு அந்த 2,000-ஐத் திரும்ப வாங்கினார்கள். ரிட்டர்ன் போட்டு மூன்று வருடத்துக்குள் இப்படித் திருத்தலாம். தங்கச்சிகளே, தம்பிகளே, பயந்துகொண்டு விட்டிருந்தால் பழைய ரிட்டர்னை எடுத்துப் பாருங்கள்.

அண்ணா, ஒரு கேள்வி. அந்த 950-ஐ ஏன் எடுக்கவில்லை என்று வரித் துறையான ஐஆர்எஸ் பின்னால் கேட்டதா?

நியூஜெர்சியிலிருந்து:

இல்லை சகோதரி, கடிதம் எதுவும் வரவில்லை. கல்வி கிரெடிட்டுக்காகப் போடும் 8863 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும், இந்த மாணவருக்கு இந்த கிரெடிட் முன்பே நான்கு வருடம் எடுக்கப்பட்டதா என்று. அதற்கு உண்மையாக ‘இல்லை’ போட முடிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வருட 8863-ஐயும் 1098-டியையும் பிள்ளை பெயரில் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். விட்ட வருடத்து 2021 ரிட்டர்ன் பிரதியும் எங்கள் ஃபைலில் இருக்கிறது. 2025-க்குப் போடும்போது அதைப் பார்த்துத்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினோம்.