கிராபிக்ஸா, கதையா: உங்களைப் பிடித்து நிறுத்திய கேம் எது?

நள்ளிரவு ஆட்டக்காரன்

கிராபிக்ஸ் பெரிதா, கதை பெரிதா என்று பட்டிமன்றம் வைத்தால் விடிய விடியப் பேசலாம், தீர்ப்பு வராது. அதனால் கருத்து வேண்டாம், அனுபவத்தைச் சொல்லுங்கள். எந்த கேம், அதில் எந்த இடம், அங்கே உங்களை நிறுத்தியது கண்ணில் பட்டதா, நடந்த சம்பவமா? முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கப் போகிறோம், ஆடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. கதையை எழுதினால் நாலு வரி தாண்டாது. உயிரற்ற ஒரு பெண்ணைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஒருவன் தடை செய்யப்பட்ட நிலத்துக்கு வருகிறான். 16 ராட்சதர்களைக் கொன்றால் அவள் உயிர் திரும்பலாம் என்கிறது ஒரு குரல். அவ்வளவுதான். முதல் ராட்சதனைச் சாய்த்ததும் வெற்றி முழக்கம் வரும் என்று நினைத்தால், ஒப்பாரி மாதிரி ஓர் இசை வருகிறது. நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று அப்போதே மனதில் விழுந்துவிடும்.

2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்காக இதையே முழுக்கப் புதிதாக வரைந்து வெளியிட்டார்கள். கதை அதே, ராட்சதர்கள் அதே, அவர்கள் மேல் ஏறும் வழியும் அதே. மாறியது படம்தான். நம் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. இரண்டையும் ஆடிய எனக்குப் பழையதுதான் பிடித்தது. அந்தப் பழைய மெஷின் திணறும், ஃப்ரேம் விழும் (படம் விட்டு விட்டு ஓடும்), கோயிலை விட்டு வெளியே வந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். தூரத்தில் நிற்பது பாறையா கட்டடமா என்று குதிரையில் கிட்டே போனால்தான் தெரியும். அந்த நிலத்துக்கு என் வரவு பிடிக்கவில்லை என்ற உணர்வு அதில் இருந்தது. புதியதில் ஒவ்வொரு புல்லும் துல்லியம், ராட்சதனின் ஒவ்வொரு மயிரும் துல்லியம். நின்று ரசித்தேன். பயம் மட்டும் வரவில்லை. என் ஓட்டு கதைக்கு.

கார்டு கந்தசாமி

நண்பரே, நீங்கள் சொன்னது உங்களுக்கே எதிராகப் போகிறது. கதை அதேதான், படம் மாறியதும் உணர்வு மாறிவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் வேலை செய்தது கிராபிக்ஸ்தானே? உங்களுக்குப் பழைய கிராபிக்ஸ் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

என் அனுபவம் கிரைசிஸ், 2007. கதை என்னவென்று கேட்டால் தீவு, வேற்றுக்கிரகவாசிகள் என்று ஏதோ உளறுவேன். ஆனால் முதல் கட்டம் அப்படியே நினைவிருக்கிறது. இருட்டில் விமானத்திலிருந்து குதிக்கிறோம், காட்டுக்குள் தட்டுத்தடுமாறிப் போகிறோம், போகும்போதே பொழுது விடிகிறது, கீழே கடல் தெரிகிறது. சுடுவதை விட்டுவிட்டு நின்றுவிட்டேன்.

அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் மரத்தைச் சுட்டால் மரம் முறிந்து விழும். செடிக்குள் புகுந்தால் இலை விலகும். அதுவரை நான் ஆடிய கேம்களில் காடு என்பது பின்னால் ஒட்டிய படம். இதில் ஒளிந்திருக்கும் இடத்தையே எதிரி சுட்டுச் சாய்த்துவிடுவான், நான் வேறு இடம் தேடி ஓட வேண்டும். அந்த நேரத்தில் என் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்கியது. எல்லா அமைப்பையும் குறைத்து ஆடினேன், அதற்கே அப்படி இருந்தது. பல வருஷம் கழித்துப் புது கார்டு வாங்கியதும் முதலில் போட்டுப் பார்த்ததும் இதைத்தான். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாம் டிஸ்க்

கார்டு அண்ணா, நான் கதைக் கட்சி என்று சொல்லத்தான் வந்தேன். எழுத உட்கார்ந்ததும் கொஞ்சம் குழம்பிவிட்டேன்.

ஃபைனல் ஃபேன்டஸி 7, 1997. நாயகன் கூடவே வரும் ஏரித் என்ற பெண் சாகும் இடம். அந்தப் பொம்மைகளுக்கு விரல் கிடையாது, வாய் கிடையாது, குரல் கிடையாது. வசனம் எல்லாம் நீலப் பெட்டியில் எழுத்தாக வரும். அந்தக் கட்டைகளைப் பார்த்து அழுதிருக்கிறேன் என்றால் கதைக்கு வேறு சாட்சி எதற்கு, இப்படித்தான் ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் திரும்ப ஆடினேன். அந்த இடம் வந்ததும் ஒன்று கவனித்தேன். வில்லன் செஃபிராத் மேலிருந்து இறங்கி வாளைச் செருகும் அந்தக் கணத்தில் கட்டைப் பொம்மைகள் இல்லை! முன்கூட்டியே வரைந்து வைத்த சினிமாக் காட்சிக்கு மாறிவிடுகிறது. அவள் தலையிலிருந்து கழன்ற அந்தச் சின்ன உருண்டை படிப்படியாகத் துள்ளி விழுந்து தண்ணீருக்குள் போவதும் அந்தக் காட்சியில்தான். அந்தக் காலத்தில் கைவசம் இருந்த உச்சபட்ச கிராபிக்ஸை எடுத்து அந்தச் சாவுக்குச் செலவழித்திருக்கிறார்கள். கேம் மூன்று டிஸ்க்காக வந்ததற்கும் இந்த மாதிரிக் காட்சிகள்தான் முக்கியக் காரணம். கிராபிக்ஸ் சுமாராக இருந்தும் கதையால் ஜெயித்த கேம் என்று இன்றைக்கு நாம் சொல்வதை 1997-இல் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அதை விளம்பரப்படுத்தியதே அந்தக் காட்சிகளைக் காட்டித்தான்.

ஆனால் ஒன்று. அவள் செத்த உடனே ஒரு சண்டை வருகிறது. வழக்கமான சண்டை இசை இல்லை, அவளுடைய இசையே தொடர்ந்து ஓடுகிறது. கட்டை உருவங்கள் திரும்ப வந்துவிட்டன, இசை மட்டும் நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்தது சினிமாவில் இல்லை, அந்தச் சண்டையில். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் அண்ணா?

ஸ்கிப் மன்னன்

கட்சீன், அதாவது ஆட்டத்துக்கு நடுவே வரும் கதைக் காட்சி, வந்தால் பட்டனை அழுத்தித் தள்ளிவிடும் ஆள் நான். மைன்கிராஃப்ட்டில் கதை எங்கே இருக்கிறது? கட்டம் கட்டமான மாடு, கட்டம் கட்டமான சூரியன். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நீங்கள் அழுது முடித்ததும் கூப்பிடுங்கள்.

காதால் ஆடுபவள்

எனக்குப் பார்வை மிகக் குறைவு. ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், இன்னொன்றில் கிட்டே வைத்தால் பெரிய உருவங்கள் தெரியும். இந்தக் கேள்வியை யார் எழுப்பினாலும், கிராபிக்ஸ் எனக்குக் கணக்கில்லை என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அப்படி இல்லை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, 2020-இல் வந்தது. அதில் என்னைப் போன்றவர்களும் ஆட உதவும் அணுகல் வசதிகள் 60-க்கும் மேல் இருக்கின்றன. அதில் ஒன்று உயர் மாறுபாட்டுக் காட்சி. அதைப் போட்டால் சுவர், புல், வானம் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். நானும் என் கூட வருபவர்களும் நீலம், எதிரி சிவப்பு, எடுக்க வேண்டிய பொருள் மஞ்சள். அந்த ஈரச் சுவரையும் இலையின் நரம்பையும் வரைய எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்! ஒரே பட்டனில் எல்லாம் போய்விடுகிறது. எனக்கு அப்போதுதான் கேமே தொடங்குகிறது. அதுவும் கிராபிக்ஸ்தான். யாரோ உட்கார்ந்து எதை விடலாம், எதை விடக் கூடாது என்று யோசித்து வரைந்த கிராபிக்ஸ்.

அதில் ஓர் அருங்காட்சியகக் காட்சி வரும். கதாநாயகி எல்லியின் பிறந்தநாளுக்கு, அவளுக்கு அப்பா மாதிரி இருக்கும் ஜோயல் அவளை அங்கே கூட்டிப் போகிறான். விண்கலத்துக்குள் உட்காரவைத்து, ராக்கெட் ஏவிய பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுக்கிறான். அவள் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தில் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று எனக்கு விவரித்துக்கொண்டே இருந்தான். கொஞ்சம் சும்மா இரு என்றேன். கேம் முழுக்க அந்த ஓர் இடத்தில் எல்லியும் நானும் ஒரே மாதிரி இருந்தோம்.

பிற்பகுதியில் சண்டை முடிந்து இருவர் பேசாமல் நிற்கும் இடங்கள் சில உண்டு. அங்கே முகம்தான் பேசுகிறதாம். எனக்கு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பார்ப்பவர்களுக்குக் கிடைத்த கதையில் ஒரு துண்டு எனக்கு வரவில்லை. கதை தனி, கிராபிக்ஸ் தனி என்று சொல்பவர்களிடம் எனக்குள்ள மாறுபாடு இதுதான்.

கார்டு கந்தசாமி

தங்கச்சி, சண்டை போட வந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

இடதுகை

நான் இரண்டு கட்சியும் இல்லை. பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், 2013. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். கண்ட்ரோலரின் இடது ஸ்டிக்கும் இடது டிரிகரும் அண்ணனுக்கு, வலது பக்கம் தம்பிக்கு. அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை, இட்டுக்கட்டியது. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அம்மா மூழ்கிச் செத்ததைப் பார்த்தவன். அதனால் ஆறு வந்தால் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான்.

கடைசியில் அண்ணன் இல்லை. தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான். வலது டிரிகரை அழுத்துகிறேன், அவன் தண்ணீரைப் பார்த்துப் பின்வாங்குகிறான். மறுபடியும் அழுத்துகிறேன், அதேதான். அவ்வளவு நேரம் சும்மா கிடந்த இடது டிரிகரைத் தற்செயலாக அழுத்தினேன். தம்பி தண்ணீரில் இறங்கி நீந்துகிறான்.

இதை ஒரு படத்தில் எப்படிக் காட்டுவீர்கள்? நாவலில் எப்படி எழுதுவீர்கள்? அது நடந்தது என் இடது கை விரலில். நல்ல கிராபிக்ஸ் வேண்டுமென்றால் சினிமா இருக்கிறது, நல்ல கதை வேண்டுமென்றால் புத்தகம் இருக்கிறது. கேமைப் பற்றிப் பேசும்போது கை என்ன செய்தது என்று ஏன் யாரும் முதலில் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பாதி முடித்தவன்

வேலை நேரம் போக மீதி நேரத்தில் சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். (பெயர் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிலவரம் அதுதான்.) செய்யும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

திரையில் விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. நிழல், வெளிச்சம், எதிரியின் மூளை, ஒலி எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். எனவே தினமும் எதையாவது வெட்டிக்கொண்டே இருப்போம். எதை வெட்டுவது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் கதை உள்ளே வருகிறது.

1999-இல் வந்த சைலன்ட் ஹில் என்ற திகில் கேம் எல்லோருக்கும் தெரியும். முதல் பிளேஸ்டேஷனால் ஒரு முழு ஊரைத் தூரம் வரை வரைய முடியாது. அதனால் மூடுபனியைப் போட்டு மறைத்தார்கள். இப்போது அந்த மூடுபனி இல்லாமல் அந்த ஊரை யோசிக்கவே முடியாது. பின்னாளில் வேறு பாகங்களை உயர்தெளிவில் மறுவெளியீடு செய்தபோது பனி மெலிந்துபோய், அதற்குப் பின்னால் நிலம் எங்கே முடிகிறது என்பதே தெரிந்துவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். நள்ளிரவு நண்பர் சொன்ன ராட்சதர் நிலமும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018, லூகாஸ் போப் என்ற ஒருவரின் உழைப்பு. முழு கேமும் இரண்டே நிறம், புள்ளி புள்ளியாக. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நிறத்தில் 60 முகங்களைப் பிரித்தறியும்படி வரைவது விளையாட்டா? கேமரா திரும்பும்போது அந்தப் புள்ளிகள் நெளிந்து கண்ணை வலிக்கச் செய்யாமல் இருக்க அவர் தனியாகப் போராடியிருக்கிறார். எளிய கிராபிக்ஸ் என்று ஜனங்கள் சொல்வார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

மூன்றாம் டிஸ்க்

எல்.ஏ. நோயர் (2011) பற்றி யாரும் சொல்லவில்லையே? நடிகர்களின் முகத்தை 32 கேமராக்களால் படம்பிடித்து அப்படியே உள்ளே கொண்டுவந்தார்கள். நாம் துப்பறிவாளர், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கிராபிக்ஸ் இல்லையென்றால் அந்த விசாரணையே இல்லை. ஆனால் அதில் குற்றவாளிகள் சிலர் ஓவராக முழிப்பார்கள், அது வேறு கதை.

பிறகு ஒரு பெரிய பட்ஜெட் கேம், பெயர் வேண்டாம். தோலில் வியர்வைத் துளை வரை தெரிந்தது, கண் மட்டும் பொம்மைக் கண். காதலைச் சொல்லும் காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டைப் பொம்மை ஏரித்துக்கு அழுதவன் இதற்குச் சிரித்தேன்.

நள்ளிரவு ஆட்டக்காரன்

கந்தசாமி ஓட்டைத் திருடியதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தர மாட்டேன். புதியதை வரைந்தவர்கள் கையில் பல மடங்கு சக்தி இருந்தது, வெளிச்சத்தில் கண் கூசவைப்பது அவர்களுக்குச் சின்ன வேலை. எதைத் தெரியவிடக் கூடாது என்பதில்தான் எங்கள் ரசனை வேறுபட்டது. காதால் ஆடுபவள் சொன்னதும் பாதி முடித்தவன் சொன்னதும் அதைத்தானே?

கார்டு கந்தசாமி

அதற்குப் பெயர் கிராபிக்ஸ் என்றால் எனக்குச் சம்மதம். சரி, தங்கச்சி, பார்ட் 2 என்னிடம் இருக்கிறது, பாதியில் கிடக்கிறது. நீங்கள் ஆடுகிற மாதிரியே ஒரு தடவை ஆடிப் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

காதால் ஆடுபவள்

அணுகல் வசதிப் பக்கத்தில் பார்வை, கேட்டல், உடலியக்கம் என்று மூன்று தொகுப்புகள் தயாராக இருக்கும் அண்ணா. பார்வைத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள், தேவையானவை மொத்தமாக வந்துவிடும். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் குரலும் அதிலேயே வரும். வழி தெரியாவிட்டால் இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்துங்கள், போக வேண்டிய பக்கம் திருப்பிவிடும். ஒலிக் குறிப்புகளுக்கு ஓர் அகராதி மெனுவில் இருக்கும், குனிய ஒரு சத்தம், தாண்ட ஒரு சத்தம், முதலில் அதைப் பொறுமையாகக் கேட்டுவிடுங்கள். ஹெட்போன் கட்டாயம். புதிய ஆட்டமாகத் தொடங்குங்கள், பாதியிலிருந்து வேண்டாம். முதல் சண்டையைத் தாண்டியதும் வந்து சொல்லுங்கள், ஒளிந்து போவதை அப்புறம் சொல்லித்தருகிறேன்.