ஆகாச கருடன் கிழங்கு: தொங்கலிலிருந்து தொட்டிக்கு

பந்தல்காரன்:
திருஷ்டிக்காக வாசலில் கட்டிய ஆகாச கருடன் கிழங்கு மண், தண்ணீர் இல்லாமலே துளிர்ப்பதைப் பார்த்து, இதற்கு எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். சேர்த்து வைத்த நீரையும் மாவையும் கரைத்துத்தான் அது கொடி விடுகிறது, போகப்போகச் சுருங்கிவிடும். வளர்க்கும் எண்ணமிருந்தால் கெட்டியாக இருக்கும்போதே இறக்குங்கள்.

மஞ்சள், குங்குமத்தைக் கழுவி, தோண்டும்போது பட்ட காயங்களைச் சீவி, கரித்தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். ஈரக்காயத்தோடு நட்டால் அங்கிருந்துதான் அழுகும். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடமுள்ள மண்தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயவே காயாது. ஆற்று மணல் 2 பங்கு, பொடி ஜல்லி 1, செம்மண் 1, மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி. தென்னை நார்க்கழிவு ஈரம் பிடிக்கும், வேண்டாம். காய்கறி வைத்த பழைய மண்ணும் ஆகாது. இதுவும் வெள்ளரிக் குடும்பம்தான்; மண்ணிலிருந்து வேரைத் தாக்கி முடிச்சுப் போடவைக்கும் வேர்முடிச்சு நூற்புழு அந்தக் குடும்பத்தை லேசில் விடாது.

கரிசல்காடு:
தலைகீழாகக் கட்டியிருந்தால் மேல்பக்கம் குழப்பும். பழைய கொடியின் காய்ந்த தழும்புதான் மேல். தெரியாவிட்டால் படுக்கவைத்து நடலாம். முதல் பருவத்தில் கிழங்கு முழுதும் மண்ணுக்குள் புதைந்திருக்கட்டும், அப்போதுதான் வேகமாகப் பருக்கும். பிறகு தொட்டி மாற்றும்போதெல்லாம் ஓர் அங்குலம் உயர்த்துங்கள். வெளியே தெரியும் பகுதியில் மேற்கு வெயில் பட்டால் தோல் வெந்துவிடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த தென்னாப்பிரிக்கக் கிழங்குக் கொடியான ஜெரார்டாந்தஸ் மேக்ரோரைசஸ் இதற்கு நேர்மாறு. அதன் கிழங்கு இயல்பாகவே மண்ணுக்கு மேல், மரநிழலில் கிடக்கும்; கொடி மட்டும் வெளிச்சம் தேடி ஏறும். ஆண், பெண் தனித்தனிக் கொடி என்பதால் விதைக்கு இரண்டும் வேண்டும். ஆகாச கருடனில் இருவகைப் பூவும் ஒரே கொடியில்.

மாடிநிழல்:
தண்ணீர்தான் பெரும்பாலும் கொல்கிறது. துளிர் விரல் நீளம் வரும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். அப்புறம் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஐப்பசி அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள். இலை பழுத்தால் அடுத்த துளிர் வரை நிறுத்திவிடுங்கள். உறங்கும் கிழங்கு நீர் குடிக்காது.

அமுக்கினால் தோல் சுருங்கி உள்ளே கெட்டியாக இருப்பது தாகம். கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல்: வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி மறுபடி உலர்த்துங்கள். இலையில் ஓட்டை போடும் சிவப்பு வண்டைக் காலையில், சுறுசுறுப்பாகுமுன் கையால் பிடிப்பதே சுலபம். கிழங்கு கடுங்கசப்பு, தின்றால் வயிற்றைப் பிடுங்கிப் பேதியாகும். வெட்டிய கையைக் கழுவுங்கள், துண்டுகள் குழந்தை கைக்குப் போகக்கூடாது.