நெல் வரப்பில் எள்ளும் தட்டைப்பயறும்: புகையானைத் தடுக்குமா, வீண் வேலையா? (காவிரிக்கரை, நாற்றங்கால், சம்பாமேடு என்ற பெயர்களில் மூவர் விவாதம்)

காவிரிக்கரை
வரப்பில் பூச்செடி வைத்தால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பிச் செண்டுமல்லி விதை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். புகையான் உட்காருவது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. முட்டையை இலையுறையைக் கீறி உள்ளே வைக்கிறது. இறக்கை முளைத்தவை காற்றோடு எங்கிருந்தோ வந்து இறங்குகின்றன. இதை வரப்பில் நிற்கும் நாலு செடி என்ன செய்துவிடும்? செடிக்காக வரப்பை அகலமாக்கினால் எலி வளை தோண்டும். விதைக்க, களை பிடுங்க ஆள் கூலி வேறு. அதற்குப் பதில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நட்டு, யூரியாவைக் குறைத்தாலே பாதிப் புகையான் குறையும்.

நாற்றங்கால்
பட்டம், யூரியா இரண்டிலும் உங்களோடு ஒத்துப்போகிறேன் ஐயா. ஆனால் பூச்செடி புகையானை விரட்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் யாரும் சொல்வதில்லை. புகையானை இரையாக்கும் பூச்சிகளுக்கான சோறு அது.

புகையான் முட்டை இலையுறைக்குள் இருந்தாலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவை இரண்டு உண்டு. ஒன்று அனக்ரஸ் என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இன்னொன்று பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. ஊசி வாயை உறைக்குள் விட்டு முட்டையை உறிஞ்சும். ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டை வரை காலி செய்யும். குளவிக்குத் தேன் கிடைத்தால் கூடுதல் நாள் உயிரோடு இருந்து கூடுதல் முட்டைகளைத் தாக்கும். நெற்பூவில் தேன் கிடையாது. அந்தத் தேனுக்குத்தான் எள்.

2016-ல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் 4 ஆண்டுகள் வரப்பில் தேன் தரும் செடிகளை வளர்த்தார்கள். பூச்சிமருந்து அடிப்பது 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது.

காவிரிக்கரை
அந்த 70 சதவீதத்தில்தான் என் கேள்வியே இருக்கிறது. மருந்து அவ்வளவு குறைந்த வயலில் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் தாமாகவே பெருகும். அப்படியானால் பலன் பூவினாலா, மருந்தை நிறுத்தியதாலா? இந்தோனேசியாவில் 1986-ல் அதிபர் ஆணை போட்டு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். அங்கே புகையானை அடக்க யாரும் வரப்பில் எள் விதைக்கச் சொல்லவில்லை.

நாற்றங்கால்
நியாயமான கேள்வி. மருந்தை நிறுத்துவதுதான் முதல் படி, பூ இரண்டாவது படி. முதல் படி இல்லாமல் இரண்டாவது வெறும் அலங்காரம். இதை நானும் அழுத்திச் சொல்கிறேன்.

நடவு முடிந்து 15-ஆம் நாள் இலையில் இலைச்சுருட்டுப்புழு தின்ற ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததும் பைரத்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடிக்கிறார்களே, கேடு அங்கேதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வயலில் புகையான் பெரும்பாலும் இருக்காது. சேற்றில் மட்கும் தழையைத் தின்னும் சின்னக் கொசு இனங்கள்தான் இருக்கும். நெல்லுக்கு அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. ஓநாய்ச் சிலந்தி அவற்றைத் தின்றுதான் முதல் மாதத்தில் பெருகுகிறது. நீங்கள் அடித்த மருந்து கொசுவையும் சிலந்தியையும் சேர்த்துக் கொல்லும். 40-ஆம் நாள் புகையான் இறங்கும்போது காவலுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். டெல்டாமெத்ரின், குயினால்பாஸ் அடித்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இலைச்சுருட்டுப்புழு தின்ற இலையைத் தூர் கட்டும் பருவத்தில் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். ஆகவே முதல் 40 நாள் தெளிப்பு வேண்டாம்.

சம்பாமேடு
இரண்டு பேரும் சாகுபடிப் பருவத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். எள் குறுவைக்குச் சரி. மழைக்காலப் பருவங்களான சம்பா, தாளடியில் ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் எள் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். வரப்பு ஈரத்தை அது தாங்காது. காவிரி டெல்டாவில் எள் விதைத்து ஏமாந்தவர்கள் பலருக்கும் காரணம் இதுதான்.

நாற்றங்கால்
சரியான இடத்தைத் தொட்டீர்கள் அண்ணே. நாளும் முக்கியம். எள் பூக்க ஏறத்தாழ 35 நாள் ஆகும். நடவுக்குப் பிறகு வரப்பில் விதைத்தால், பூ வரும்போதே புகையான் இறங்கும் நாளும் வந்துவிடும்; குளவி பெருக நேரம் இருக்காது. குறுவைக்கு நாற்றங்காலில் விதை போடும் அன்றே வரப்பிலும் எள் போட வேண்டும். 25 நாள் நாற்று நட்டால், நட்ட 10-ஆம் நாளில் முதல் பூ. 15 நாள் கழித்து இடைவெளிகளில் இன்னொரு தடவை விதைத்தால் பூ நீடிக்கும்.

அளவு சொல்கிறேன். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்று வரப்பு சுமார் 255 மீட்டர். ஓரடிக்கு ஒரு செடி என்றால் 850 செடி. எள் 50 கிராம் தாராளம்; நாலு பங்கு மணல் கலந்து தூவி, பிறகு நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்துவிடலாம். தட்டைப்பயறு என்றால் குழிக்கு இரண்டு விதை, கால் கிலோ போதும். ஒரே வரிசைதான் வைப்பதால் வரப்பை அகலமாக்கவே வேண்டாம். எலிப் பயமும் இல்லை.

என் தேர்வு தட்டைப்பயறுதான். பூவுக்குக் காத்திருக்காமல், இலைக்காம்பருகிலும் பூங்கொத்துக் காம்பிலும் உள்ள சுரப்பிகளில் அது தேன் விடும். அதில் வரும் கறுப்பு அசுவினி நெல்லைத் தொடாது, ஆனால் பொறிவண்டை வரவழைக்கும். அசுவினியைப் பார்த்துப் பயந்து தட்டைப்பயறுக்கு மருந்து அடித்தால் எல்லாம் போச்சு. வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதும் அப்படித்தான். புல்லைக் கையால் அறுங்கள், வெட்டுக்காயப்பூண்டை விட்டுவையுங்கள். அதன் பூவும் நாவாய்ப்பூச்சிக்கு உதவும்.

காவிரிக்கரை
சரி, புகையானை விடுங்கள். தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கு என்ன பதில்? முட்டைக் குவியலைத் தாய் அந்து தன் வயிற்று ரோமத்தால் பழுப்பு மெத்தை போல மூடிவிட்டுப் போகிறது. அதற்கு விடும் டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி மேல் அடுக்கு முட்டைகளைத்தான் எட்டும். அடி அடுக்கு பொரிந்து புழு தண்டுக்குள் போய்விடும். அந்தக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டையும் பல இடங்களில் குளவி பொரித்து முடிந்த பிறகே கைக்கு வருகிறது. வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) வந்த பின் பூவால் ஆவது ஒன்றுமில்லை.

நாற்றங்கால்
குருத்துப்பூச்சிக்குப் பூவை நம்பாதீர்கள் என்றே நானும் சொல்வேன். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளுங்கள், முட்டைக் குவியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், நடவு செய்த 30, 37-ஆம் நாட்களில், தடவைக்கு ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை அட்டை. வாங்கும்போதே அட்டையை லென்ஸில் பாருங்கள். முட்டை கறுத்து முழுசாக இருந்தால் நல்லது. கறுத்த முட்டையில் ஊசித் துளை தெரிந்தால் குளவி பறந்துவிட்டது என்று பொருள், திருப்பிக் கொடுங்கள். துண்டுகளாக வெட்டி இலையின் அடிப்பக்கம், காலை வெயில் ஏறும் முன் கட்டுங்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் மருந்து ஆகாது.

சம்பாமேடு
எல்லாம் செய்தும் புகையான் ஏறினால்? பூச்செடியை நம்பி உட்கார்ந்து வட்டம் வட்டமாகத் தீய்ந்த வயல்கள் உண்டே.

நாற்றங்கால்
அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை, குறுக்காக நடந்து 20 தூர். தூரைச் சாய்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினால் புகையான் தண்ணீரில் விழும். சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடும். இரண்டையும் எண்ணுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் சிம்புக்கு (தூரிலிருந்து கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும்) 1 புகையான் வரம்பு. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு 2. அதாவது 15 சிம்புள்ள தூரில் 15-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம், ஒரு தெளிப்புச் செலவு. வரம்பு தாண்டினால் தயங்காமல் தண்ணீரை வடித்து, பைமெட்ரோசின் என்ற பூச்சிமருந்து ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், தூரின் அடியில் படும்படி அடியுங்கள். மறுநாளே சாகவில்லை என்று இன்னொன்றைக் கலந்து அடிக்காதீர்கள். இந்த மருந்து பட்டதும் பூச்சி உறிஞ்சுவதை நிறுத்தும், சாகச் சில நாள் ஆகும்.

காவிரிக்கரை
40 நாள் தெளிப்பு இல்லை, வாரா வாரம் எண்ணிக்கை, இந்த இரண்டோடு சேர்த்து என்றால் குறுவைக்குத் தட்டைப்பயறை ஒத்துக்கொள்கிறேன். கால் கிலோ விதையில் பெரிய நட்டம் இல்லை, காயும் கிடைக்கும். தாளடிக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மழைக்காலத்தில் வரப்பில் நிற்கிற செடி எது?

சம்பாமேடு
உயரமான வரப்பு என்றால் செண்டுமல்லி நாற்று. பாலிதீன் பையில் 30 நாள் வளர்த்து, நெல் நட்ட அதே வாரம் வையுங்கள். விதையாகப் போட்டால் முதல் மழையிலேயே அடித்துப் போய்விடும். தாழ்ந்த வரப்பில் எதுவும் நிற்காது. அங்கே எட்டடிப் பட்டமும் தண்ணீரை வடிப்பதும்தான்.