கூரை போட்ட ஸ்டேடியத்துக்கு ஒரு தமிழ்ச்சொல், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, அல்சூர்
திங்கள் இரவு

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த மாதம் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தலைப்பை அவர்களே பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஓர் ஊர் புதிதாக ஸ்டேடியம் கட்டினால் வானம் தெரிகிற மாதிரி கட்ட வேண்டுமா, டோம் போட்டு மூட வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரத்துக்காரர்கள் இதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். டாஸ்மேனியாவுக்கு அவர்கள் ஊர்க் கால்பந்து லீக்கில் இடம் வேண்டுமென்றால் 23,000 பேர் உட்காரும்படி, கூரையோடு அரங்கம் கட்ட வேண்டும் என்று 2023-இல் நிபந்தனை. கிரிக்கெட்காரர்கள் கூரையின் நிழல் ஆடுகளத்தில் விழுமே என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேசத் தாராளமாக விஷயம் இருக்கிறது. சொல்தான் இல்லை.

'திறந்தவெளி விளையாட்டரங்கமா? குவிமாட விளையாட்டரங்கமா?' என்று நான் எழுதிக் கொடுத்தேன். 'திறந்தவெளி' என்றதும் வகுப்பே சிரித்தது. அந்தச் சொல்லை அவர்கள் கழிப்பறை விழிப்புணர்வுப் பலகையில் மட்டும்தான் படித்திருக்கிறார்களாம். 'குவிமாடம்னா புறா வளர்க்கிற இடமா மிஸ்?' என்று ஒருத்தி கேட்டாள்.

அழைப்பிதழ் வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல் போதும். தயவுசெய்து போன தடவை 'பிளாஸ்டிக்' என்பதற்குச் சொல் தேடியபோது பட்ட பாடு இதற்கு வேண்டாம்.

---

கட்டடப் பொறியாளர், ஒயிட்ஃபீல்ட்
திங்கள் நள்ளிரவு

டீச்சர், முதலில் ஒன்று. மூடின ஸ்டேடியம் எல்லாம் குவிமாடம் இல்லை. ஹூஸ்டனில் 1965-இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் நிஜமான குவிமாடம். டோக்கியோ டோம் (1988) துணிக்கூரை. உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, அந்தக் காற்றாலேயே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், பலூன் மாதிரி. இதே முறையில் கட்டிய மினியாபொலிஸ் மெட்ரோடோம் 2010 டிசம்பரில் பனியின் பாரம் தாங்காமல் கிழிந்து உள்ளே கொட்டியது. டொராண்டோவில் 1989-லிருந்து கூரை மோட்டாரில் நகர்ந்து திறக்கிறது. நியூசிலாந்தின் டுனெடினில் (2011) கூரை நிலையானது, ஆனால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம். அடியில் உண்மையான புல் வளர்கிறது.

புல்லை ஏன் சொல்கிறேன் என்றால் இந்த விவாதத்தின் உயிரே அங்கேதான். ஆஸ்ட்ரோடோமிலும் முதலில் உண்மைப் புல்தான் போட்டார்கள். அதற்கு வெயில் வேண்டுமே என்று கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்தார்கள். பகல் ஆட்டத்தில் கண் கூசி, மேலே போன பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று பலகைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. அடுத்த வருடமே செயற்கைப் புல்லை விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

ஆகவே குவிமாடம் என்று போட்டால் டுனெடின் அடிபட்டுப் போகும். டொராண்டோவைக் கேட்கவே வேண்டாம்.

---

புலவர், கம்மனஹள்ளி
செவ்வாய் காலை

அன்புடையீர்,

'திறந்தவெளி' என்பதே கூறியது கூறல். வெளி என்றாலே திறந்ததுதான். மூடிய வெளியை எவரேனும் கண்டதுண்டா? தமிழ்நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் விவரமாகத் 'திறந்தநிலை' என்றார்கள்.

அடுத்து, அரங்கம். இது கூத்துக்கும் சொற்பொழிவுக்கும் உரிய சொல், ஆட்டத்துக்கு ஆகாது என்று சென்ற ஆண்டு இங்கே ஒருவர் வாதிட்டார். வள்ளுவர் என்ன சொல்கிறார்? 'அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்'. கட்டம் வரையாமல் வட்டாடுவது போல என்கிறார். அரங்கு என்பது அங்கே ஆடுவதற்காக வரைந்த கட்டம். ஸ்டேடியத்துக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைக்குமா? (குறளின் பின்பாதி இக்குழுவைப் பற்றியதன்று என்று நம்புகிறேன்.)

திறப்பதும் மூடுவதுமான கூரைக்கோ இளங்கோவடிகளே சொல் தந்திருக்கிறார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மூன்று திரைகள்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மூன்றாவதை மேற்கட்டாக அமைந்த திரை என்பர் உரைகாரர். மறைந்திருந்து வருவது. ஆக, டொராண்டோவில் இருப்பது 'கரந்துவரல் கூரை'. அதே காதையில் 'ஓவிய விதானத்து' என்றும் வருகிறது. ஆனால் விதானம் வடசொல். அடிகள் ஆளலாம், நாம் ஆளக்கூடாது.

வானம் நோக்கியதை 'வானரங்கம்' என்றும், மூடியதைக் 'கவிகையரங்கம்' என்றும் முன்மொழிகிறேன். கவிகை குடை. 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்பது நீங்கள் அறிந்ததே.

---

அச்சகத் தம்பி, சிவாஜிநகர்
செவ்வாய் காலை, பத்து நிமிடம் கழித்து

ஐயா, மன்னிக்கணும். வானரங்கம் என்று அடித்துப் பார்த்தேன். கடையில் இருந்த மூன்று பேரிடம் காட்டினேன். மூன்று பேருமே 'வானர அங்கம்' என்று படித்தார்கள்.

---

புலவர், கம்மனஹள்ளி

தம்பி, அது பிழையான பிரிப்பு. வானரம் + அங்கம் என்றால் மகரம் கெட்டு, உடம்படுமெய் தோன்றி, 'வானரவங்கம்' என்றே புணரும். வானரங்கத்தில் குரங்கு இல்லை. இலக்கணம் அனுமதிக்காது.

---

அச்சகத் தம்பி, சிவாஜிநகர்

இலக்கணம் அனுமதிக்காது ஐயா, கடைக்கு வருகிறவர் அனுமதிக்கிறார்.

---

இன்னொருவர், ஃபிரேசர் டவுன்
செவ்வாய் மதியம்

கவிகையரங்கமும் தப்பவில்லையே. கவி என்றாலும் குரங்குதான். காளமேகம் புலவர்களைப் பார்த்து 'வாலெங்கே' என்று கேட்டது எதற்காக? கவிராயர் என்கிறீர்களே, வால் எங்கே, குழிந்த கண் எங்கே என்று. திறந்தாலும் குரங்கு, மூடினாலும் குரங்கு. பெங்களூருக்குப் பொருத்தம்தான். எங்கள் மொட்டை மாடியில் இப்போதுகூட நான்கு உட்கார்ந்திருக்கின்றன.

---

கன்னடம் சொல்லித்தரும் அக்கா, ஜெயநகர்
செவ்வாய் மாலை

பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்க மாட்டீர்களா? கன்னடத்தில் ஸ்டேடியத்துக்கு 'கிரீடாங்கண'. அது வேண்டாம், நமக்கு வாயில் நுழையாது. ஆனால் திறந்த அரங்கத்துக்கு அவர்கள் 'பயலு ரங்கமந்திர' என்கிறார்கள். ஊரின் வெட்டவெளியில் ஆடுகிற கூத்து 'பயலாட்ட'. இந்தப் பயலு யார்? நம் வயல்தான். வில் பில்லு ஆனது போல, வெள்ளி பெள்ளி ஆனது போல, வயல் பயலு. அவர்களிடம் அது பரந்த வெளியாகவே இருக்கிறது. நாம்தான் அதைச் சுருக்கி நெல்லுக்குள் அடைத்துவிட்டோம். திருப்பி வாங்கிக்கொள்ளலாமே: வயலரங்கம்.

டோமுக்கு அவர்கள் சொல்வது 'கும்மட்ட'. விஜயபுரத்து கோல் கும்பஸைச் சின்னப் பிள்ளைகூட 'கோள கும்மட்ட' என்கிறது. தமிழிலும் கும்மட்டம் பழகிய சொல்தான்.

---

புலவர், கம்மனஹள்ளி

கும்மட்டம் பாரசீகம் அம்மா.

---

ஃபிரேசர் டவுன்

எனக்குக் கும்மட்டி அடுப்புதான் ஞாபகம் வருகிறது. ஊதி ஊதிக் கண் எரியும். டோக்கியோவில் காற்றடித்துத் தூக்குகிறார்கள் என்றதும் அம்மா விசிறியோடு நிற்பது போலத் தோன்றியது.

வயலரங்கம் அழகு. ஆனால் நம் சின்னசாமி ஸ்டேடியத்தில் நாற்று நடுவதா என்று நடுவரே கேட்பார். பிறகு வ-வும் ப-வும் மாறுவதைப் பற்றி ஒன்று. பேகூர் வீரக்கல்லில், கி.பி. 890 வாக்கில், பெங்களூருச் சண்டை என்று வருகிறதே, அப்படியானால் அந்தப் 'பெங்' நம்முடைய

---

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, அல்சூர்
செவ்வாய் இரவு

வேண்டாம். பெங்களூர் பெயர்க்காரணத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

---

பொறியாளர், ஒயிட்ஃபீல்ட்
செவ்வாய் இரவு

நாற்று நடுவது சின்னசாமியில் நடக்காது. 2017-இல் புல்லுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் குழாய் அமைப்பு போட்டார்கள். மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தொடங்கலாம். ஆனால் மழை நின்றால்தான். 2024 அக்டோபரில் நியூசிலாந்தோடு டெஸ்ட். முதல் நாள் டாஸ்கூடப் போடவில்லை. இரண்டாம் நாள் ஈரப்பதமான மேகத்துக்குக் கீழே பேட்டிங் எடுத்து 46-க்கு ஆல் அவுட். இந்திய மண்ணில் நம் அணி எடுத்ததிலேயே குறைந்த எண்ணிக்கை. அன்று நான் பெவிலியனில் குடையோடு இருந்தேன். கூரை இருந்திருந்தால் என்று யோசிக்காதவன் அங்கே இருந்திருக்க மாட்டான். மூடும் அணிப் பிள்ளைகள் இதைச் சொல்லலாம்.

எதிரணி உடனே மெல்பர்னை எடுக்கும். அங்கே 2000-இல் கூரையை மூடிவிட்டு ஒருநாள் போட்டி ஆடினார்கள். ஆடலாம். ஆனால் அந்த அரங்கத்து டி20 போட்டிகளில் பந்து கூரையில் இடித்துத் திரும்பியிருக்கிறது, நடுவர் அதற்குச் சிக்ஸர் கொடுத்திருக்கிறார். கூரை இல்லையென்றால் கேட்சாகியிருக்கும் பந்துக்கு ஆறு ரன் என்றால் அது என்ன கிரிக்கெட்? சிங்கப்பூரில் 2014-இல் கட்டிய குவிமாடத்துக்கு 310 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. எஃகு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டால் மூடும் அணி திணறும்.

சொல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'உள்விளையாட்டு அரங்கம்' என்று சென்னை நேரு அரங்கத்துக்கே பெயர் இருக்கிறதே. இங்கே கண்டீரவா ஸ்டேடியத்திலும் ஒன்று இருக்கிறது. அதையே போட்டுவிட்டால் என்ன?

---

புலவர், கம்மனஹள்ளி
புதன் காலை

உள்விளையாட்டு என்பது உள்ளே ஆடுவதற்கென்றே அமைந்த விளையாட்டு: மேசைப்பந்து, சதுரங்கம், பல்லாங்குழி. கிரிக்கெட்டின் மேல் கூரை போட்டால் அது உள்விளையாட்டு ஆகிவிடுமா? மாட்டைக் கொண்டுவந்து கூடத்தில் கட்டினால் அது வீட்டுப் பூனை ஆகிவிடுமா?

---

ஃபிரேசர் டவுன்

ஒயிட்ஃபீல்ட் தம்பி, ஐயா உங்களை இன்னும் கரந்துவரலுக்குள் இழுக்கவில்லையே என்று சந்தோஷப்படுங்கள். என் வாக்கு 'கொட்டகை'க்கு. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன் நான். கூரை போட்ட பெரிய இடம், கூட்டம், சத்தம், முறுக்கு. கிரிக்கெட் கொட்டகை. இதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

(பதிலுக்கு ஒருவரும் எழுதவில்லை. ஜெயநகர் அக்கா மட்டும் +1 போட்டார்.)

---

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, அல்சூர்
புதன் இரவு

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புறாமாடம் கேட்டவளேதான், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள்: 'மிஸ், திறவரங்கம், மூடரங்கம். ஓகேவா?'

---

புலவர், கம்மனஹள்ளி
புதன் இரவு, உடனே

அந்தக் குழந்தைக்கு என் ஆசி.

மூடரங்கம்! மூடு + அரங்கம். குற்றியலுகரம் கெட்டு உயிரேறியது. வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். அதுபோல மூடரங்கம் என்றால் மூடிய அரங்கம், மூடுகின்ற அரங்கம், மூடும் அரங்கம். பொறியாளர் தம்பி கவனியுங்கள். என்றைக்கோ மூடிவிட்ட ஹூஸ்டனும், மழை வந்தால் மூடும் டொராண்டோவும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர் வேண்டும். தமிழில் காலம் கரந்த பெயரெச்சம் ஒன்றே போதும். கவிகையைத் திரும்பப் பெறுகிறேன். கரந்துவரலையும், வருத்தத்தோடு, திரும்பப் பெறுகிறேன்.

---

பொறியாளர், ஒயிட்ஃபீல்ட்

ஐயா, மூன்று நாளில் முதல் முறையாக எனக்கு இலக்கணம் புரிந்தது. நான் சரி.

---

ஜெயநகர் அக்கா

நானும். வயலை விட்டுக்கொடுக்கிறேன்.

---

அச்சகத் தம்பி, சிவாஜிநகர்
வியாழன் காலை

எல்லாருக்கும் வணக்கம். புரூஃப் இணைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு சங்கடம். 'மூடர் அங்கம்' என்று தெரிகிறது. ஓட்டுநர் அண்ணன் 'மூடர் அரங்கம்' என்றே படித்துவிட்டு, யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

---

ஃபிரேசர் டவுன்

அந்தப் பெயருக்கு உரிய கட்டடம் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் குவிமாடமும் உண்டு.

---

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, அல்சூர்

ஐயா, வானரங்கத்தைக் காப்பாற்றியது போல இதையும் காப்பாற்றுங்கள். இலக்கணம் அனுமதிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

---

புலவர், கம்மனஹள்ளி
வியாழன் இரவு

இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். மூடர் + அங்கம் மூடரங்கம் என்றுதான் புணரும். இலக்கணம் அனுமதிக்கிறது.

சேர்க்காமல் 'மூடு அரங்கம்' என்று பிரித்துப் போடலாம்.

---

அச்சகத் தம்பி, சிவாஜிநகர்

பிரித்துப் போட்டால் கடையை மூடு என்கிற மாதிரி இருக்கிறது ஐயா. அழைப்பிதழை வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

---

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, அல்சூர்
வெள்ளி, பதினொன்றரை மணி

அச்சுக்குப் போனது இதுதான்:

மைதானத்துக்கு மேலே கூரை வேண்டுமா? வேண்டாமா?

கலைச்சொல்லே இல்லை, தெரியும். ஆனால் கம்மனஹள்ளியிலிருந்து ஒயிட்ஃபீல்ட் வரை எல்லாருக்கும் புரியும். அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் சொல் தப்பில்லை, படிக்கிறவர்கள்தான் தப்பாகப் படிக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். நேரம் ஒதுக்கிய எல்லாருக்கும் நன்றி.

---

புலவர், கம்மனஹள்ளி
சனி காலை

அழைப்பிதழ் வந்தது. மைதானம் தமிழன்று. கும்மட்டத்தை எந்தக் காரணத்துக்காக விலக்கினோமோ அதே காரணம் இதற்கும் பொருந்தும் என்பதைப் பதிவு செய்கிறேன். நடுவராக வருகிறேன். ஆனால் பேசும்போது மூடரங்கம் என்றே சொல்வேன். 'மூடு' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, 'அரங்கம்' என்பேன். அந்தக் குழந்தையை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

---

பொறியாளர், ஒயிட்ஃபீல்ட்

ஐயா, அந்த ஹாலில் எதிரொலி அதிகம். நீங்கள் விடுகிற மூச்சு கேட்காது. நான் முன்னாலேயே வந்து மைக்கைச் சரி பார்க்கிறேன்.