லிப்டன் சீட் பாதையில் கிளிப்லெஸ் பெடல் போடலாமா?

ஹப்புத்தளை_மேடு: தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் மலையுச்சி வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஏற்றம். போன சனிக்கிழமை ஒரு வளைவில் எதிரே வேன் வந்தது. நான் போட்டிருந்தது கிளிப்லெஸ், அதாவது சப்பாத்தின் அடியைப் பூட்டிப் பிடிக்கும் பெடல். நின்றேன், சப்பாத்து பெடலை விட்டு வரவில்லை. கொழுந்துக் கூடையோடு வந்த ஓர் அம்மாவின் காலடியில் சாய்ந்து விழுந்தேன். அவருக்கு அடியில்லை, கொழுந்தெல்லாம் கொட்டிவிட்டது. அந்தப் பாதையில் யாருமே கிளிப்லெஸ் போடக்கூடாது.

பண்டாரவளை_சங்கிலி: அந்த அம்மாவுக்கு அடிபடாதது பெரிய ஆறுதல் அண்ணன். ஆனால் பெடலைக் குற்றம் சொல்ல மாட்டேன். இறுக்கத்தைக் குறைக்க அதிலேயே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. புதியவர்கள் அதை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். ஷிமானோவின் எஸ்பிடி வகைப் பெடலில் எஸ்எச்51 கிளீட் (சப்பாத்தின் அடியில் மாட்டி பெடலில் பூட்டும் உலோகத் துண்டு) குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். எஸ்எச்56 மேல்நோக்கி இழுத்தாலும் விட்டுவிடும். நான் போடுவது 56. கல்லுப் பாதையில் இறங்கும்போது கால் பெடலிலிருந்து துள்ளி வழுக்காது, அதுவும் பாதுகாப்புதானே?

ஹப்புத்தளை_மேடு: இறக்கத்துக்குச் சரி. நான் சொல்வது ஏற்றம். நடக்கிற வேகத்தில் போகிறோம். யாராவது குறுக்கே வந்தால் சைக்கிள் நின்ற கணமே சாய்ந்துவிடும். மழைக்குப் பிறகு கிளீட்டில் சேறு அப்பிக்கொண்டால் இன்னும் சிரமம்.

தியத்தலாவை_நடை: நான் அங்கே நடக்கிறவள். என் அம்மா 30 வருடம் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிறு தலையில் இருக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. பின்னாலிருந்து மணியடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவார். தம்பிமார், என்ன பெடல் என்பது எங்களுக்குத் தெரியாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, "அக்கா, வலப்பக்கம் வாறேன்" என்று குரல் கொடுங்கள்.

பண்டாரவளை_சங்கிலி: உண்மை அக்கா, நான் மணி மட்டும்தான் அடித்து வந்தேன். இனிக் குரல் கொடுக்கிறேன். ஆளைக் கண்டதுமே ஒரு காலைப் பெடலிலிருந்து கழற்றிவிடுவது என் வழக்கம், அதுவும் மலைப்பக்கத்துக் காலை. சாய்ந்தாலும் மேட்டில் சாயலாம், பள்ளத்தில் போகமாட்டோம். கூட்டம் கூடினால் இறங்கி உருட்டுவேன்.

ஹப்புத்தளை_மேடு: மலைப்பக்கத்துக் கால், நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது பழகினவருக்குத்தான் கைவரும். புதியவர் முதலில் மைதானத்துப் புல்லில் நின்று நின்று பழகட்டும்.

பண்டாரவளை_சங்கிலி: அதில் மறுப்பில்லை. "யாருமே கூடாது" என்பதைத்தான் ஏற்கமாட்டேன். கழற்றிவைத்த பெடலை ஞாயிறு காலை எடுத்து வாருங்கள் அண்ணன், அலன் சாவி என்னிடம் இருக்கிறது. தளர்த்திப் பார்ப்போம்.

ஹப்புத்தளை_மேடு: சரி, கொண்டுவருகிறேன். மாட்டி ஓட்டுவது மைதானத்தில் மட்டும்.