ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய மாணவரைக் கல்லூரி எந்த அளவுக்குத் தண்டிக்கலாம்?

கேள்வி: உடற்கல்வி இயக்குநர், கலை அறிவியல் கல்லூரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு படிக்கும் தடகள வீரர் ஒருவரின் சிறுநீர் மாதிரியில் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு இருப்பதாகத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘நாடா’விடமிருந்து அவருக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டுவிட்டது. அதே சிறுநீரின் இரண்டாம் பகுதியான ‘பி’ மாதிரியைச் சோதிக்கக் கேட்பதா, விசாரணைக்குப் போவதா என்பதெல்லாம் அவரும் அவருடைய பெற்றோரும் முடிவு செய்ய வேண்டியவை. நான் கேட்க வந்தது வேறு. நாடா தரப்போகும் தண்டனைக்கு மேல், கல்லூரி தன் பங்குக்கு என்ன செய்வது முறை?

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சிலர் உடனே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்கிறார்கள். கட்டணச் சலுகையையும் விடுதி இடத்தையும் மட்டும் நிறுத்தினால் போதும் என்பது வேறு சிலரின் கருத்து. குழுவுக்குக் குறிப்பு எழுதித் தருமாறு முதல்வர் என்னிடம் கேட்டிருக்கிறார். தனியார் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் பயிற்சியாளர் ‘வைட்டமின்’ என்று சொல்லித் தனக்கு ஊசி போட்டதாக மாணவர் என்னிடம் கூறினார். அதை அப்படியே நம்பவும் என்னால் முடியவில்லை, பொய்யென்று தள்ளவும் மனம் வரவில்லை.

இந்த மாணவர்கள் எதற்காக இந்த ஆபத்தில் இறங்குகிறார்கள் என்பது இங்கு எழுதும் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்களும், அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கும் நிலையில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பெறும் ஒரு சான்றிதழ் ஏழைக் குடும்பத்துக்கு எத்தகைய கதவைத் திறக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘வாடா’வின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருப்பது தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் ஒரே ஒருவர்தான் ஓடினார். நோய் இவ்வளவு பரவியிருக்கும்போது ஒரு மாணவரை வெளியே தள்ளுவதால் எது குணமாகும் என்ற கேள்வி என்னை விடாமல் வருத்துகிறது. அதே நேரத்தில், ஒன்றுமே செய்யாமல் விட்டால் நேர்மையாக ஓடும் மற்ற மாணவர்களை எந்த முகத்தோடு பார்ப்பேன்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: வழக்கறிஞர், விளையாட்டு ஒழுங்கு விசாரணைகளில் முன்னிலையாகி வருபவர்

ஐயா, முதலில் காலவரிசையைக் கவனியுங்கள். இப்போது வந்திருப்பது குற்றச்சாட்டு மட்டுமே. விசாரணை முடிந்து தீர்ப்பு வரும் முன்னர் கல்லூரி தன்னிச்சையாகத் தண்டித்துவிட்டு, பின்னர் ஊக்கமருந்து வழக்கை விசாரிக்கும் ஒழுங்குக் குழு வேறு முடிவுக்கு வந்தால் அந்த அநீதியைத் திருத்த முடியாது. மாணவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதும் இப்போது கூடவே கூடாது.

வாடாவின் 2021 விதித்தொகுப்பின்படி ஸ்டானோசோலால் போன்ற ஸ்டீராய்டுக்கு அடிப்படைத் தண்டனை நான்கு ஆண்டுத் தடை. தெரிந்தே செய்யவில்லை என்பதை நிறுவும் பொறுப்பு வீரருடையது, நிறுவினால் அது இரண்டு ஆண்டுகளாகும். பயிற்சியாளர் சொல்லாமல் கொடுத்துவிட்டார் என்ற விளக்கம் தவற்றின் அளவைக் குறைக்க உதவலாமே தவிர, அதைக் காட்டி முழுமையாக விடுபட முடியாது. தன் உடலுக்குள் எது போகிறது என்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் இந்தச் சட்டத்தின் அச்சாணி. குற்றச்சாட்டு அறிவிப்பு கிடைத்த 20 நாள்களுக்குள் குற்றத்தையும் தடையையும் ஏற்றுக்கொண்டால் நான்கு ஆண்டு மூன்றாகக் குறையும். ஆனால் அந்தச் சலுகையைப் பெற்றவர் வேறு பிரிவுகளின்கீழ் மேலும் குறைப்புக் கேட்க முடியாது என்பதால், எந்த வழியில் போவது என்று மாணவர் கையெழுத்திடும் முன்பே முறையான ஆலோசனை பெற வேண்டும்.

உங்கள் குழு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருந்து கொடுத்தவரைப் பிடிக்கக் கணிசமான உதவி செய்யும் வீரருக்கு அவருடைய தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்க விதி இடம் தருகிறது. மருந்தை விற்றவருக்கும் ஊசி போட்டவருக்கும் குறைந்தது நான்கு ஆண்டு முதல் வாழ்நாள் வரை தடை விதிக்கலாம். அந்த ஆளைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர் இந்த மாணவர் ஒருவர்தான். கல்லூரி அவரை வெளியேற்றிவிட்டால் அவர் ஊருக்குப் போய்விடுவார், வாய் திறக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது, ஊசி போட்டவர் அடுத்த மாணவரைத் தேடிக்கொள்வார். கல்லூரியின் கடுமை அதிகமாக அதிகமாக உண்மை வெளிவரும் வாய்ப்பு குறைவதை நான் பார்த்த வழக்குகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: முன்னாள் தடை ஓட்ட வீராங்கனை, தற்போது பள்ளி ஆசிரியை

வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டத்தை மறுக்கவில்லை. ஆனால் இந்த உரையாடலில் இதுவரை ஒருவருடைய பெயரே வரவில்லை. அந்தப் போட்டியில் இந்த மாணவருக்குப் பின்னால் வந்தவர் யார்? நான்காம் இடத்தில் முடித்து, சான்றிதழ் இல்லாமல் பேருந்து ஏறி வீடு திரும்பிய பிள்ளை ஒன்று எங்கோ இருக்கிறதே, அதற்கு யார் குழு அமைப்பார்கள்? நானும் அந்த இடத்தில் நின்றவள்தான். எனக்கு முன்னால் ஓடியவர் மருந்து எடுத்தார் என்று என்னால் நிறுவ முடியாது, ஆகவே அதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தோடு விளையாட்டை விடுவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு ஆண்டு அதிகம் என்று இரங்குபவர்கள் ஸ்டீராய்டு உடலில் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட எலிகளின் தசை நார்களில் கூடுதலாக உருவான உட்கருக்கள் மருந்தை நிறுத்திய பின்பும் மூன்று மாதம் வரை குறையாமல் இருந்தன. எலிக்கு மூன்று மாதம் என்பது அதன் ஆயுளில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மனிதருக்கும் அப்படியே என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் மருந்தின் பயன் மருந்தோடு போய்விடும் என்ற எண்ணத்தில் ஒரே ஆண்டுத் தடை போதும் என்பவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கல்லூரி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீர்ப்பு வந்ததும் அந்தப் போட்டியின் பதக்கத்தையும் சான்றிதழையும் மாணவரிடமிருந்து பெற்று, பல்கலைக்கழகத்தின் வழியாகப் போட்டி நடத்தியவர்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த இடத்தில் வந்தவருக்குத் திருத்திய சான்றிதழ் வழங்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அவருக்கு வேலைவாய்ப்பில் விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிடும் முன்னர் அது போய்ச் சேர வேண்டும். மருந்தின் துணையால் கல்லூரிக்குக் கிடைத்த அணிப் புள்ளிகளும் கோப்பையும் உங்கள் அலமாரியில் இருக்கக் கூடாது. இவற்றைச் செய்யாத கல்லூரி மாணவரைத் துரத்தினாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, என் கணக்கில் அது தண்டனையே ஆகாது.

மறுமொழி: அமெரிக்காவின் மிச்சிகனில் வசிப்பவர், கல்லூரி விளையாட்டுகளைத் தொடர்ந்து கவனிப்பவர்

இங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வாடாவின் விதித்தொகுப்பில் கையெழுத்திட்டதில்லை. 1986 முதல் அது தனியாகச் சோதனை நடத்துகிறது, தண்டனையும் அதனுடையதே. திறன் கூட்டும் மருந்து முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு போட்டியிட முடியாது, விளையாடக் கிடைக்கும் நான்கு பருவங்களில் ஒன்றும் போய்விடும். இரண்டாம் முறை பிடிபட்டால் மீதமுள்ள கல்லூரி விளையாட்டு முழுவதும் முடிந்தது. 2015 அக்டோபரில் புளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் தாக்குதலை வழிநடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ ஆன வில் கிரையர் அப்படித்தான் ஓராண்டுத் தடை பெற்றார். கடையில் வாங்கிய ஊட்டப்பொருள் ஒன்றை விசாரிக்காமல் எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னார். பின்னர் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறி விளையாடி, 2019இல் தொழில்முறை அணிக்குத் தேர்வானார். அவரே இந்திய மாணவராக இருந்திருந்தால் அவர் மீண்டும் களத்துக்கு வரும் முன்னர் படிப்பே முடிந்திருக்கும்.

கஞ்சா விஷயத்தில் இங்கு நடந்த மாற்றமும் பார்க்கத்தக்கது. 2014 மார்ச்சில் மிச்சிகன் கூடைப்பந்து வீரர் மிட்ச் மெக்கேரி கஞ்சாவுக்காகச் சிக்கியபோது ஸ்டீராய்டுக்கு உரிய அதே ஓராண்டுத் தடை அவருக்கும் காத்திருந்தது. அவர் கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தண்டனை அரைப் பருவமாகக் குறைந்தது. 2024 ஜூனில் முதல் பிரிவுக் கல்லூரிகளின் தடைப் பட்டியலிலிருந்தே கஞ்சா நீக்கப்பட்டது. உடல்நலப் பிரச்சினை வேறு, போட்டியை ஏமாற்றுவது வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இவ்வளவு காலம் ஆனது.

அண்டை நாடான கனடாவில் கல்லூரி அளவிலேயே எடுக்கப்பட்ட கடுமையான முடிவு ஒன்று உண்டு. 2010இல் வாட்டர்லூ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் வீரர் ஒருவர் ஸ்டீராய்டு கடத்தியதாகக் கைதானதும் அணி முழுவதையும் சோதித்தார்கள். சோதிக்கப்பட்ட 62 பேரிடம் 9 விதிமீறல்கள் வெளிப்பட்டன. பல்கலைக்கழகம் அந்தப் பருவம் முழுவதற்கும் அணியையே நிறுத்திவிட்டது. மாதிரியில் எந்தக் குறையும் இல்லாத ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களும் சேர்ந்தே களத்தை இழந்தார்கள். அணி முழுவதையும் சோதித்தது மிகச் சரியான செயல் என்றும், குற்றமற்றவர்களையும் சேர்த்து நிறுத்தியது பெரும் தவறு என்றும் நான் கருதுகிறேன். உங்கள் மாணவருக்கு ஊசி போட்ட இடத்துக்கு அவருடைய சக வீரர்களும் போயிருக்கலாம். அதை அக்கறையோடு விசாரிப்பது அவரை அனுப்பிவைப்பதைவிட அவசரமான வேலை.

மறுமொழி: விளையாட்டு மருத்துவர்

சுருக்கமாக ஒன்று. குழுவின் குறிப்பில் எல்லா மருந்துக்கும் ஒரே தண்டனை என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல இருமல் மருந்துகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எப்போதும் தடைசெய்யப்பட்ட பொருள். சளி பிடித்து அதைக் குடித்த மாணவியும், தசை வளர்க்க ஊசி போட்டுக்கொண்ட மாணவரும் ஒரே விதியில் அடிபடக் கூடாது. மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்க நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலி இருக்கிறது, உண்மையான நோய்க்கு மருந்து தேவைப்பட்டால் முன்கூட்டியே சிகிச்சை விலக்குக் கோரலாம். உங்கள் மாணவரின் கல்லீரல் செயல்பாட்டையும் கொழுப்பு அளவையும் இந்த வாரமே பரிசோதிக்கச் சொல்லுங்கள். தண்டனையைப் பற்றி இவ்வளவு பேசியும் அந்தப் பிள்ளையின் உடலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் சொன்ன பரிசோதனைக்கு மாணவரை நாளையே அழைத்துப் போகிறேன். முதல்வருக்கான குறிப்பில் நான் எழுதப்போவது இதுதான். நாடாவின் தீர்ப்பு வரும்வரை கல்லூரி தண்டனை எதுவும் விதிக்காது, பெயரையும் வெளியிடாது. தீர்ப்பில் தடை உறுதியானால், விளையாட்டுக்காகத் தரப்பட்ட கட்டணச் சலுகை தடைக்காலம் முழுவதும் நிறுத்தப்படும். கல்லூரி அணியோடு பயிற்சி செய்வதற்கும் இடமில்லை, விதியும் அதை அனுமதிப்பதில்லை. வகுப்பும் தேர்வும் தொடரும், மாற்றுச் சான்றிதழ் கொடுக்கப்படாது. விடுதியில் கட்டணம் செலுத்தித் தங்கலாம். பதக்கத்தைத் திருப்பி அனுப்புவது பற்றி ஆசிரியை அம்மா எழுதியதை அவருடைய சொற்களிலேயே சேர்க்கிறேன். மற்ற வீரர்கள் எங்கே, யாரிடம் தனிப்பயிற்சி எடுக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பை நானே ஏற்கிறேன். ஊசி போட்டவரைப் பற்றி நாடாவிடம் வாக்குமூலம் கொடுக்க மாணவர் முன்வந்தால், அவர் தந்தையோடு நானும் உடன் செல்வேன்.

கட்டணம் மட்டும்தான் என்னை உறுத்துகிறது. சலுகை நின்றால் அந்தக் குடும்பத்தால் கட்ட இயலாது, அப்படியானால் படிப்பு தொடரும் என்று நான் எழுதுவதற்குப் பொருளில்லை.

மறுமொழி: முன்னாள் தடை ஓட்ட வீராங்கனை

சலுகையை நிறுத்தத்தான் வேண்டும் ஐயா, அதில் நான் இறங்கி வரமாட்டேன். விளையாட்டுக்காகத் தந்ததை விளையாட்டை ஏமாற்றியவருக்குத் தொடர்ந்து தர முடியாது. நிறுத்திய தொகையை, அதே துறையில் படிக்கும் வசதியற்ற வேறொரு வீரருக்கோ வீராங்கனைக்கோ அந்த ஆண்டே வழங்கச் சொல்லுங்கள். இந்த மாணவர் மற்ற ஏழை மாணவர்களைப்போல் பொதுவான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். வருமானச் சான்றிதழ் இருந்தால் போதும், கடைசித் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.