உள்ளங்கையில் கிள்ளிய தொட்டிகள்: நம் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:
பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும் மரங்களை ஜப்பானில் ‘மாமே’ போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) என்பார்கள். அந்த அளவில் ஆல், பிராய், புளி வளர்க்கிறேன். அவற்றுக்குத் தொட்டி செய்ய மண் வேண்டி மானாமதுரையில் பானை வனையும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். கடம் செய்கிற ஊர், மண்ணின் குணம் அறிந்தவர்கள்.

“இத்துனூண்டு சட்டிக்குச் சக்கரம் எதுக்குத் தம்பி? உள்ளங்கை பத்தாதா?” என்றவர், ஒரு உருண்டையை எடுத்து நடுவில் கட்டைவிரலை அழுத்தினார். உருண்டையைத் திருப்பித் திருப்பிக் கிள்ளிக்கொண்டே போக, சுவர் தானாக எழுந்தது. காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பதால், பத்தில் ஒரு பங்கு பெரிதாகவே செய்யச் சொன்னார்.

ஓட்டை போடும் பதம்தான் முக்கியம். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் குழியக் கூடாது. அதற்கு முன்னால் குத்தினால் மண் பிதுங்கும், முழுக்கக் காய்ந்தபின் குத்தினால் விரியும். வடிகால் ஓட்டையோடு இரண்டு சின்னத் துளைகளும் கேட்டேன். “அது எதுக்கு?” என்றார். கம்பியால் மரத்தைத் தொட்டியோடு கட்டாவிட்டால் காற்றில் ஆடிப் புதுவேர் அறுந்துவிடும் என்றேன். உடனே ஈர்க்குச்சியை எடுத்து அவரே போட்டுக் கொடுத்தார். அந்த ஆர்வத்தை மறக்கவே முடியாது.

நிழலில், துணி போர்த்தி மெல்லக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருக்கும் தொட்டி சூளையில் வெடித்துவிடும், உள்ளே நீராவி கிளம்புவதால்.

புதுச்சேரி உறுப்பினர்:
அண்ணா, எங்கள் ஊரில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடம் தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மட்பாண்டம்) வேலை வேரூன்றியிருக்கிறது. நான் கற்றதும் அந்த முறைதான். 1200 டிகிரிக்கு மேல் சுடுவதால் சுவர் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சாதாரண சூளையில் சுட்ட குட்டித் தொட்டி சித்திரை வெயிலில் மதியத்துக்குள் உலர்ந்துபோகுமே? போகன்வில்லாவுக்கு நீலக் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசிய தொட்டி அத்தனை அழகு. உள்பக்கம் மட்டும் பூசாமல் விடுவேன், வேர் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும்.

மதுரை உறுப்பினர்:
உலர்வது உண்மைதான் தங்கச்சி. ஆனால் அகலத் தட்டில் ஆற்று மணல் பரப்பி, நனைத்து, அதில் தொட்டியை லேசாகப் புதைத்து வைத்துப் பாருங்கள். சுடுமண் சுவர் மணலின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் ஆவியாவதால் வேரும் குளிர்ந்திருக்கும். ஸ்டோன்வேர் சுவரில் இது நடக்காது. நம் வெயிலுக்குச் சுடுமண்ணே என் தேர்வு. கோடையில் மேலேயும் காலை, மாலை இருவேளை தண்ணீர் விடத்தான் வேண்டும்.

சென்னை உறுப்பினர்:
மணல் தட்டு நானும் வைத்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. ஒன்று மட்டும்: போர்வெல் தண்ணீரானால் தொட்டியின் வெளிச்சுவரில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து, மண்ணில் படாமல் துடைத்தால் போய்விடும். மழைநீர் பிடித்து வைக்க இடமிருந்தால் அதையே ஊற்றுங்கள்.